மேடத்துக்கு ஒரு ட்ரம்மு தண்ணி

தண்ணி லாரி இன்னும் புத்தூரே தாண்டலயாம், இப்பத்தான் போன் வந்துச்சி. கொடத்தல்லாம் அப்பிடியே லைன்ல வுட்டுட்டு இந்த வேப்பமரத்து நெழலுக்கு வாங்க. நெழலுன்னு பேருதான். எலயெல்லாம் கொட்டிப்போயி, நெழலுக்குள்ளயே பாதி வெயிலு குந்திக்கினு கீது. அத்தக் கொஞ்சம் தள்ளி ஒக்காரச் சொல்லிட்டு நீங்க ஒக்காருங்க. ஒரு கத சொல்றேன். அத்தனையும் நடந்தது. ஒரு சொட்டு பொய்யி கெடையாது, கங்கம்மா மேல சத்தியம்.

சரி, கங்கம்மாவ எதுக்கு நடுவுல இழுக்கறது, அவளே அபிசேகத்துக்குத் தண்ணியில்லாம கோவமா கீறா. சத்தியத்த வாபஸ் வாங்கிக்கறேன். கொஞ்சம் இழுப்பேன். ஒரு முழம் நடந்தா ஒரு பர்லாங்கு நடந்துச்சின்னு சொல்லுவேன், எங்க வூட்டு ரத்தம் அப்பிடி. ஆனா மாடு நெசம், மனுசன் நெசம், அந்தப் பச்ச ட்யூபு நெசம். எங்க ஊரு ஆளுங்க குறுக்கப் பேசக்கூடாது, உங்களுக்குத் தெரிஞ்ச கததான். பக்கத்து ஊருல போர்வெல்லு காஞ்சி பூட்ச்சின்னு இன்னிக்கி எங்க லைன்ல வந்து நிக்கிறாங்களே, அவங்களுக்குத்தான் சொல்றேன்.

எங்க ஊருல உமாபதின்னு ஒருத்தன். அவன் இங்க இல்ல, மாட்டுகிட்ட கீறான். சின்னதுலயே அவங்க நைனா அவன நகரிக்கு இட்டுக்கினு போயி, கூலிக்குத் தறி ஓட்ட நிறுத்திட்டாரு. பவர்லூமு. அந்த சத்தம் அவன் காதுக்குள்ள பூந்து, உள்ளயே கல்யாணம் கட்டிக்கினு புள்ள குட்டி பெத்து குடித்தனம் பண்ண ஆரம்பிச்சிடிச்சி. அப்பறம் நம்ம பேச்சுக்கு உள்ள எடம் ஏது? பாதிக் காது அவுட்டு. அதனால அவன் பேசினா கத்திதான் பேசுவான். ரகசியம் பேசினான்னா ரேணிகுண்டா ஸ்டேசன்ல ரயிலுக்கு நிக்கிறவன் திரும்பிப் பாப்பான். கல்யாணத்தன்னிக்கி பொண்ணு கிருஷ்ணம்மா காதுகிட்ட குனிஞ்சி, பசிக்குதான்னு நைசா கேட்டானாம். பந்தில இருந்த ஜனமெல்லாம், இல்லப்பா, இப்பத்தான் துன்னோம்னு பதில் சொல்லிச்சாம்.

தறிக்காரரு தறிய பழைய இரும்பா எடக்கிப் போட்டுட்டாரு. உமாபதி ஊருக்குத் திரும்பி வந்தான். புள்ள கிஷோரு தடா ஊருகிட்ட ஒரு கம்பெனில கீறான், அவன் சம்பளம் அவன் ரூமுக்கும் சாப்பாட்டுக்கும் சரியாப் போவும். கிருஷ்ணம்மா காதுல மூக்குல இருந்தத கழட்டிக் குடுத்தா. அதுல வந்துதுதான் அந்த மாடு. ஜெர்சி. கண்ணச் சுத்தி கறுப்பு, மை வெச்ச மாதிரி. அதுக்குப் பேரு மேடம். வேற இன்னா பேரு வெக்கிறது? எம்மார்வோ ஆபீசுல, அதான் தாசில்தாரு ஆபீசுல, நாம போயி நின்னா, நம்மளத் தாண்டி சொவுத்த பாப்பாங்களே, அதே பார்வ. தவுடு வெச்சாலும் உடனே துன்னாது. மனு குடுத்துட்டுக் காத்துக்கினு இருக்கணும்.

மேடம் கறக்கற பால்லதான் அவங்க ரெண்டு பேரு வயிறும். வேற வழி கெடையாது. நெலமும் இல்ல, தறியும் இல்ல, காதும் இல்ல. மேடம் போச்சின்னா அவங்க போனாங்க. இத்த மட்டும் மனசுல வெச்சிக்கோங்க, மத்தத மறந்தாலும் பரவால்ல.

இந்த வருசம் வெயிலு உங்களுக்குத் தெரியாததா. பல்லி சொவுத்துல நிக்க முடியாம ஒவ்வொரு காலா மாத்தி மாத்தித் தூக்கிக்கினு பரதநாட்டியம் ஆடிச்சி. செருப்ப வாசல்ல வுட்டா சாயங்காலத்துக்குள்ள சுருங்கிப் போயி கொழந்த செருப்பா ஆயிடுது. ஏரில கெண்ட மீனு நடந்து போயி பஸ் ஏறி நெல்லூருக்குப் போயிடிச்சின்னு பேசிக்கிறாங்க, நான் பாக்கல. ஊருக்கு இருந்த போருல ஒண்ணே ஒண்ணுதான் மூச்சு வுட்டுக்கினு இருந்துச்சி.

அப்பத்தான் பஞ்சாயத்து செக்ரட்டரி அம்மா ஸ்கூட்டில வந்து, ஆட்டோல மைக்கு கட்டி தெலுங்குல தெருத்தெருவா சொல்ல வெச்சாங்க. மோட்டாரு கானி ட்யூபு கானி பெடித்தே கனெக்சன் கட். தெருக்கொழால ட்யூபு மாட்டி எவன் தண்ணி புடிச்சாலும், ட்யூபையும் புடுங்கிக்குவோம், அந்தத் தெருவுக்கே கொழாய மூடிடுவோம்னு.

மொத நாளு ஊரே கொதிச்சிது. ட்யூபு எங்க காசு, வாய்க்கு வந்தபடி ரூலு போடுறாங்கன்னு ஆம்பளைங்க டீக்கட முன்னாடி நின்னு சர்க்காரையே கவுத்துட்டாங்க, டீ வந்ததும் திரும்பத் தூக்கி நிறுத்திட்டாங்க. ரெண்டாவது நாளு பாத்தா ஊருல ஒரு ட்யூபு கண்ணுல தெரியல. எல்லாம் தலமறவு. சுந்தராம்பா அக்கா, தோ நிக்கிதே, அதுதான், அவங்க வூட்டு ட்யூப வாசல்ல இந்தக் கம்பத்துக்கும் அந்தக் கம்பத்துக்கும் கட்டி, பொடவயக் காயப் போட்டு, இது துணி காயப்போடற கொடிதான்னு சொல்லிட்டா. கொடி நுனில இருந்து சொட்டு சொட்டா தண்ணி ஒழுவுது. துணில இருந்த ஈரம்னா. துணி காஞ்சி அப்பளமாக் கீது. மொறைக்காதக்கா, இழுப்பேன்னு மொதல்லயே சொல்லிட்டேன்ல.

மூணாவது நாள்ல இருந்து ஊருல எல்லாரும் போலீசு. எவன் வூட்டுச் செடி பச்சயா கீதோ அவன் திருடன். ஒருத்தி தல சீவிக்கினு வந்தா, ஈரமா காஞ்சதான்னு தொட்டுப் பாக்கறாங்க. அப்பிடி ஆச்சி.

உமாபதி வூடு தெருவோட கடைசிப் பள்ளத்துல. மேடம் அப்ப நெற மாசம். வயிறு ரெண்டு பக்கமும் பீப்பாவா தொங்குது. அந்த வெயில்ல அது வாயத் தொறந்துக்கினு, நாக்க வெளிய வுட்டுக்கினு, நாயி மாதிரி மூச்சு வாங்க ஆரம்பிச்சிது. அத்தப் பாத்தவங்களுக்கு சிரிப்பு வராது. நான் சிரிக்க வெக்கிறவன், எனக்கே வரல. உமாபதி மாட்டு டாக்டருக்குப் போன் போட்டான். அவரு, சீம மாடுப்பா அது, நம்ம ஊரு வெயிலு அதுக்கு ஆவாது, தலையும் கழுத்தும் ஈரமாவே இருக்கணும், இல்லன்னா கன்னும் நிக்காது மாடும் நிக்காதுன்னுட்டாரு.

ஊரு லைன்ல வூட்டுக்கு நாலு கொடம். மேடம் குடிக்கவே அது பத்தாது. இவனும் கிருஷ்ணம்மாவும் சோறு வடிக்கிற தண்ணிய குறைச்சாங்க, துணி தோய்க்கறத நிறுத்தினாங்க, இவன் குளிக்கறத வுட்டான். அவன் வந்தான்னா அவன் வாசன தெருமுனையிலயே முன்னாடி வந்து நலம் விசாரிக்கும். மாந்தோப்பு போருல இருந்து ரெண்டு கையிலயும் கொடம் தூக்கிக்கினு வருவான், அது இங்க இருந்து திருத்தணி தூரம். கிருஷ்ணம்மாவுக்கு முட்டி வீங்கிப் போயி ஒரு கொடத்துக்கு மேல தூக்க முடியல. கொண்டாந்து சாக்க நனச்சி மேடத்து முதுவுல போட்டா, அது ஆவியாப் போறதக் கண்ணால பாக்கலாம்.

கிஷோருக்கு விசயம் தெரிஞ்சி போன் பண்ணான். நைனா, வித்துடு, நீங்க ரெண்டு பேரும் செத்துடுவீங்கன்னு அழுதான். நெற மாசத்துல எவண்டா வாங்குவான்னு இவன் கத்தினது போனே இல்லாம தடாவுக்குக் கேட்டுது. மாட்டுத் தரகரு வந்தாரு. வயித்தத் தொட்டுப் பாத்துட்டு, இது தேறாது, எறச்சி லாரிக்குன்னா ஏத்திக்கறேன்னாரு. உமாபதி கையில இருந்த சாட்டய கீழ போட்டுட்டு, அவரு போற வரைக்கும் கைய முதுவுக்குப் பின்னால கட்டிக்கினு நின்னான். இல்லன்னா இன்னா ஆயிருக்கும்னு அவனுக்கே பயம்.

அன்னிக்கித்தான் அவன் கொழாக் குழியப் பாத்தான். தெருக்கொழா எங்க ஊருல குழிக்குள்ளதான். தண்ணி மேல ஏறாததால குழி தோண்டித் தோண்டி கொழாய எறக்கி, இப்ப அதுல கொடம் வெக்கறதே கஷ்டம். தண்ணி நிறுத்தினப்பறமும் பைப்புல மிச்சம் இருக்கறது பள்ளத்துக்கு எறங்கி, அவன் வூட்டுகிட்ட சொட்டிக்கினே இருக்கும். அவன் கொட்டா அந்தக் குழியவிட இன்னும் பள்ளம். ஒரு ட்யூபு மாட்டி வாயால உறிஞ்சி வுட்டா, அதுபாட்டுக்கு கொட்டாவுக்கு வந்துடும். இது யாரு தண்ணியும் இல்ல, பைப்பு துப்பற எச்சின்னு அவன் மனசுக்கு சமாதானம் சொல்லிக்கினான்.

எல்லாரும் துன்னுட்டு கவுந்து படுக்கற மத்தியானத்துல, பச்ச ட்யூப எடுத்தாந்து மாட்டினான். உறிஞ்சினான். வாயெல்லாம் துரு. தண்ணி வந்துச்சி. மேடத்து தலையில வுட்டான். அது கண்ண மூடிக்கிச்சி. அத்தப் பாத்துட்டு இந்த மனுசன் ஒக்காந்து கொட்டாக் கம்பத்தப் புடிச்சிக்கினு அழுதான். சத்தம் வரக்கூடாதுன்னு துண்ட வாயில திணிச்சிக்கினு அழுதான். சத்தம் போடாம அவன் செஞ்ச காரியம் அவன் ஆயுசுலயே அது ஒண்ணுதான்.

வேல முடிஞ்சதும் ட்யூப சுருட்டி வைக்கப்போருக்குள்ள சொருவிடுவான். எங்க சொருவினான்னு கிருஷ்ணம்மாவுக்குக் கூட சொல்லல. அவன் சொன்னா தெருவுக்கே தெரிஞ்சிடும்ல. தண்ணி எப்பிடி வருதுன்னு அவளும் கேக்கல. புருசன் திருடறான்னு தெரியும், எப்பிடின்னு தெரிய வேணாம்னு இருந்தா.

ஆனா பைப்பு எச்சின்னு இவன் நெனச்சது எச்சி இல்ல. மறுநாளு தண்ணி வுடும்போது காலிப் பைப்பு நெரம்பணும், அது நெரம்பறதுக்குள்ள நேரம் முடிஞ்சிடும். மேட்டுத் தெருவுல சுந்தராம்பா அக்கா வூட்டுகிட்ட கொழா தொறந்தா, பெருமூச்சு வுடும். அவ்வளவுதான். அக்கா அதுகிட்ட, உனக்கு இன்னாடி கவல, எனக்குத்தானே கவலன்னு கேக்கும். மேட்டுத் தெருவுல கொழந்தைங்களுக்கு நாக்கு ஒட்டிக்கிச்சி. யாரோ தண்ணிய திங்கிறான்னு ஊரு பூரா பேச்சு. இவனுக்கும் கேட்டுது. அவன் காதுக்கே கேட்டுதுன்னா எவ்வளவு சத்தமா பேசியிருப்பாங்க. கொட்டாவுக்குப் போயி மேடத்தப் பாப்பான், தெருவுக்கு வந்து காலிக் கொடத்தப் பாப்பான். நாளைக்கி நிறுத்திடலாம்னு நெனப்பான். நாளைக்கி மத்தியானம் அது நாக்க வெளிய வுடும்.

கடைசில ஊரு கூடி, கொடும்பாவி கட்டி இழுக்கலாம்னு முடிவு பண்ணிச்சி. உங்க ஊருலயும் உண்டு, இருந்தாலும் சின்னதுங்களுக்கு சொல்றேன். ஊருல எவனோ பெரிய பாவி கீறான், அவனாலதான் மழ வரல. அவன் யாருன்னு தேடினா வூட்டுக்கு ஒரு மண்ட ஒடையும். அதனால வைக்கல்ல ஒரு பாவிய செஞ்சி, சட்ட மாட்டி, தெருத்தெருவா இழுத்து, நெசமான சாவு மாதிரி மாருல அடிச்சிக்கினு அழுது, சுடுகாட்டுல கொளுத்திட்டு, எல்லாரும் தலைக்குத் தண்ணி ஊத்திக்கணும். தலைக்கு ஊத்திக்கினாத்தான் சாவு முடிஞ்சிது. முடிஞ்சாத்தான் வானம் எறங்கும்.

அந்தக் குளியலுக்குன்னு வூட்டுக்கு ஒரு சொம்பு தண்ணி கோயிலாண்ட ட்ரம்முல ஊத்தச் சொன்னாங்க. குடிக்க இல்லாத ஜனம் ஊத்திச்சி. உமாபதியும் ஊத்தினான். ட்ரம்முக்கு மூடி போட்டு மேல கல்லு வெச்சி, துலுக்காணம் அண்ணன் பக்கத்துலயே ஒக்காந்துக்கினாரு. துலுக்காணம் உமாபதிக்கு பெரியப்பா புள்ள, ஊருல எந்த சடங்குன்னாலும் அவருதான் முன்னாடி. பால் சென்டரும் அவரு வூட்டு வாசல்லதான். நீங்க முன்னால வந்து ஒக்காருங்கண்ணா, உங்களப் பத்தி நல்லதா நாலு வார்த்த வரும், அவசரப்படாதீங்க.

வைக்கலு ஊருல யாருகிட்ட கீது? மத்தவங்கல்லாம் வெயிலுக்கு பயந்து வித்துட்டாங்க, இப்ப மாடு வெச்சிருக்கறவன் உமாபதி ஒருத்தன்தான். துலுக்காணம் வந்து கேக்கும்போது உமாபதி மாந்தோப்புக்குத் தண்ணிக்குப் போயிருந்தான். கிருஷ்ணம்மா பாத்தா. வைக்கலு இல்லன்னு சொன்னா ஊரு நம்மள சந்தேகப்படும். நல்லா பெரிய கட்டா ஒண்ணு இழுத்து, அவளே தூக்கி அவரு தோள்ல வெச்சா. புண்ணியமாப் போவட்டும் மாமான்னா.

மறுநாளு காலையில இழுத்தாங்க. ஒரு வூட்டு ஆம்பள பாக்கியில்லாம கயித்தப் புடிக்கணும். உமாபதியும் புடிச்சான். கிருஷ்ணம்மா மட்டும் வரல, மேடம் ராவெல்லாம் எழுந்து எழுந்து படுத்துதுன்னு கொட்டாவுலயே ஒக்காந்துட்டா. தப்பட்ட அடிக்கிது. சுந்தராம்பா அக்காதான் ஒப்பாரி. அக்கா அழுதா செத்தவனே எழுந்து சமாதானம் சொல்லுவான். பாவி போறானே, எங்க பச்சயத் துன்னு போறானேன்னு மாருல அடிக்கிது. உமாபதி அந்த சத்தத்துல கயித்த இழுத்துக்கினு, மனசு பூரா கொட்டாவுல.

கோயிலு வளைவுல கொழாக் குழியோட சிமிட்டிக் கட்டையில கொடும்பாவியோட வயிறு மாட்டிச்சி. ஆம்பளைங்க ஒரே தம்முல இழுத்தாங்க. சட்ட கிழிஞ்சி, வைக்கலு பிரிஞ்சி, உள்ள இருந்து பச்சயா, சுருள் சுருளா, பாம்பு மாதிரி வெளிய வந்துச்சி. வந்துக்கினே இருந்துச்சி. அந்த ட்யூபு சிமிட்டி ரோட்டுல உருண்டு போயி நின்னப்ப, திருப்பதி மலையவிட நீளமா இருந்துச்சி. சரி, கோயில்ல இருந்து பள்ளத்துல கீற அவன் கொட்டா வரைக்கும் இருந்துச்சி.

தப்பட்ட நின்னுச்சி. அக்காவோட கை மாருல பாதில நின்னுச்சி.

"இது யாரு வூட்டுக் கொடலுடா?"ன்னு அக்கா கேட்டுது.

வைக்கலு யாரு குடுத்ததுன்னு எல்லாருக்கும் தெரியும். எல்லா மூஞ்சும் உமாபதி பக்கம் திரும்பிச்சி. அவனுக்கு அப்ப ஒரு பதிலு இருந்துச்சி. சுந்தராம்பா வூட்டுக் கொடி, மத்தவன் வூட்டு அரிசி டப்பா, துலுக்காணம் வூட்டுப் பரணு, எல்லாத்துலயும் ஒரு ட்யூபு கீதுன்னு கத்தியிருக்கலாம். அவன் தொண்டைக்கு அது நகரி வரைக்கும் கேட்டிருக்கும். அவன் சொல்லல. அந்த நிமிசத்துல கிருஷ்ணம்மா தெருமுனையில வந்து நின்னா. முந்தான கீழ இழுவுது, முட்டி மடங்காம ஒரு கால இழுத்துக்கினு வந்து நின்னா.

"கிஷோர் நைனா. அது சாஞ்சிடிச்சி. தலய மண்ணுல வெச்சிடிச்சி."

உமாபதி கயித்த வுட்டான். யாரையும் பாக்காம, ட்ரம்ம பாத்தான். அத்த மாட்டுக்கு ஊத்துங்கன்னு கேட்டான். கேட்டதும் ஊரு அவன் மேல பாஞ்சிது. எங்க கொழந்தைங்க நாக்கு ஒட்டிக்கினு கீது, உன் மாட்டுக்கு அபிசேகமான்னு ஒருத்தி. திருடித் துன்னது பத்தாதுன்னு சாவுத் தண்ணியும் கேக்கறான்னு இன்னொருத்தி. ஒருத்தன் சட்டயப் புடிச்சான். துலுக்காணம்தான் விலக்கினாரு. அவரு கோவம் வேற. பாவி கிழிஞ்சி போச்சி, வைக்கலு நாலா பக்கமும் பறக்குது, திருடன் வூட்டு வைக்கல்ல திரும்ப கட்டவும் கூடாது. பாதியில நின்ன சாவு ஊரையே அழிச்சிடும்னாரு.

அப்பத்தான் உமாபதி சட்டயக் கழட்டினான். கழட்டி, அந்தக் கயித்தோட நுனிய எடுத்து அவனே அவன் கால்ல கட்டிக்கினான். ரோட்டுல மல்லாந்து படுத்தான். ரோடு தோசக் கல்லு மாதிரி, படுத்ததும் முதுவு சொய்ங்னு சொல்லிச்சி, நான் சத்தியமா கேட்டேன்.

"என்ன இழுங்கண்ணா. நான்தானே பாவி. இழுத்து முடிச்சிட்டு அந்தத் தண்ணிய அதுக்கு வுடுங்க. நீங்க குளிக்கறதுக்கு நான் மாந்தோப்புல இருந்து தூக்கியாந்து ஊத்தறேன், எத்தினி கொடம்னாலும்."

உசுரோட இருக்கறவன இழுக்கறதாடான்னு ஒரு கெழவரு முனகினாரு. ஆனா வானத்தப் பாத்தாரு, அதுல பஞ்சு அளவுக்குக் கூட ஒண்ணும் இல்ல. அவரே கயித்தப் புடிச்சாரு. யாரோ ஒரு தென்ன மட்டயக் கொண்டாந்து அவன் முதுவுக்குக் கீழ தள்ளினாங்க. இழுத்தாங்க. நானும் கயித்தப் புடிச்சவன்தான், மறைக்கறதுக்கு ஒண்ணுமில்ல, ஊருல எவனும் வுடல.

தப்பட்ட திரும்ப அடிச்சிது. அக்கா ஒப்பாரிய எடுத்துச்சி. எடுத்தா, வைக்கலுக்கு அழுத வார்த்த மனுசனுக்கு ஒட்டல. பாவி போறானேன்னு ஆரம்பிச்சி, உமாபதி போறியேன்னு வந்துடிச்சி. எம் புருசன் படுத்தப்ப கேக்காமயே பாலு கொண்டாந்தியேன்னு வந்துடிச்சி. அது நெசமான அழுக. பொம்பளைங்க எல்லாத்துக்கும் கண்ணுல தண்ணி. இந்த வருசம் எங்க ஊருல சிந்தின தண்ணி அதுதான் அதிகம்.

நடுவுல செத்தவன் கீழ இருந்து பேசறான். அவன் மெதுவாத்தான் சொன்னானாம்.

"யக்கா, அழுதது போதும். வேகமா இழுக்கச் சொல்லுங்க. அதுக்கு கண்ணு சொருவிடும்."

அக்கா வூட்டு வாசலு வந்துச்சி. அக்கா நின்னுச்சி. கயித்துக்குக் குறுக்க நின்னு, முந்தானய இடுப்புல சொருவிக்கினு, போதும்னுச்சி. துலுக்காணம், இன்னும் சுடுகாடு கீது, கொளுத்தணும், முடிக்காம வுட்டா ஊருக்கு ஆவாதுன்னாரு. "நீ போயி உன்ன கொளுத்திக்கோ"ன்னுட்டு அக்கா திரும்பி நடந்துச்சி. ரோட்டுல கெடந்த அந்தப் பச்ச ட்யூப எடுத்துச்சி. ட்ரம்மு மேல இருந்த கல்லத் தள்ளிச்சி. ஒரு நுனிய ட்ரம்முல போட்டு, இன்னொரு நுனிய வாயில வெச்சி உறிஞ்சிச்சி. பழக்கப்பட்ட வாயி, ஒரே உறிஞ்சுல வந்துச்சி.

பள்ளத்துக்குத் தண்ணி கேக்கவா வேணும். உமாபதி கால்ல கயிறு தொங்க, முதுவுல தோலு இல்லாம ஓடினான். மேடத்து தலைய மடில வெச்சிக்கினான். கிருஷ்ணம்மா ட்யூபப் புடிச்சா. நடுவுல செக்ரட்டரி அம்மா ஸ்கூட்டில வந்து, தெருவுக்குக் குறுக்க ட்யூபு கெடக்கறதப் பாத்து, ஏமிட்டி இதி, இன்னா இதுன்னு கேட்டாங்க. ட்யூபு போற பக்கமே நடந்து போயி கொட்டாவ எட்டிப் பாத்தாங்க. வண்டிய தள்ளிக்கினே போயி தெருமுனையிலதான் ஸ்டார்ட் பண்ணாங்க.

ட்ரம்மு பூரா காலி. ஊரு தலைக்கு ஊத்திக்கறதுக்கு வெச்சது ஒரு சொட்டு மிச்சமில்லாம மேடத்து மேல. பொழுது சாயறப்ப கன்னு வுழுந்துச்சி. கெடேரி, பொட்டக் கன்னு. கிருஷ்ணம்மா அதோட மூக்குல ஊதினா, அது தும்மிச்சி. மேடம் விடிஞ்சப்பறம்தான் எழுந்து நின்னுச்சி, நின்னு சொவுத்த பாத்துச்சி. அப்ப உமாபதி சிரிச்ச சிரிப்புல ஓட்டுல இருந்த காக்கா எல்லாம் பறந்துடிச்சி.

கத இதோட முடிஞ்சிருந்தா நான் எழுந்து போயி கொடத்தப் பாத்திருப்பேன். முடியல.

சுடுகாட்டுக்குப் போவல, கொளுத்தல, யாரும் தலைக்கு ஊத்திக்கல. சாவு பாதில நிக்கிது. மழயும் வரல. துலுக்காணம் அண்ணன் சொல்றாரு, அவனப் பாவின்னு இழுத்தாச்சி, அழுதாச்சி, அவன் இன்னும் முடியல, அதுவரைக்கும் அந்த வூட்டுப் பாலு தீட்டுன்னு. சென்டர்ல ஊத்த வுடல. ஊருல வாங்கற வூடும் வாங்கல. அவன் எதுர்ல வந்தா தெரு அந்தப் பக்கம் தாண்டுது. மாந்தோப்புல இருந்து குளிக்கத் தண்ணி தூக்கியாந்தான், வாசல் வாசலா கொடத்தோட நின்னான். செத்தவன் கைத் தண்ணியிலயே செத்தவனுக்கு எப்பிடித் தலைக்கு ஊத்திக்கறதுன்னு யாரும் வாங்கல. அந்தத் தண்ணியும் மேடத்துக்கே போச்சி. கறக்கறான். கன்னு துன்னது போவ மிச்சத்த வேப்பமரத்துக்கு ஊத்தறான். நீங்க ஒக்காந்திருக்கீங்களே, இந்த மரம்தான். காப்பிக்கி பாலு இல்லாத ஊருல ஒரு மரம் பாலு குடிக்கிது.

நேத்து தரகரு திரும்ப வந்தாரு. இப்ப மேடம் நல்லா கீது, கன்னோட ஏத்திக்கறேன், சந்த அன்னிக்கி லாரி வரும்னுட்டுப் போனாரு. இந்த வாட்டி உமாபதி கையக் கட்டிக்கினு நிக்கல. கேட்டுக்கினான். அவங்க ரெண்டு பேரும் துன்னாம எத்தினி நாளு அத்த வெச்சிக்கினு இருப்பாங்க? அதனாலதான் மாட்டுகிட்டயே கீறான், தண்ணிக்குக் கூட வரல.

அதான் நான் சொல்றது இன்னான்னா, இன்னிக்கி லாரி வந்ததும், எங்க ஊரு ஜனம் ஆளுக்கு ஒரு சொம்பு தலைக்கு ஊத்திக்கட்டும். சாவு முடியட்டும். பாலு போவட்டும்.

"யாரு தண்ணிய யாரு தலைக்கு ஊத்தறது?"ன்னு எழுந்துச்சி பக்கத்து ஊரு கமலம்மா. "லாரி எங்களுக்கும்தான் வருது. உங்க ஊரு கருமாதிக்கு எங்க குடி தண்ணியா?"

அதானே, இதுக்குத்தான் கதயே சொல்றேன், கொஞ்சம் ஒக்காரும்மா.

"கொளுத்தாம குளிச்சா தீட்டு போவாது. மொதல்ல சுடுகாட்டுக்கு வரச்சொல்லு அவன"ன்னாரு துலுக்காணம்.

"அவன் எதுக்கு வரணும்?" சுந்தராம்பா அக்கா கொடத்தத் தூக்கி இடுப்புல வெச்சிக்கினுச்சி. "கயித்தப் புடிச்சவன்லாம் வாங்கடா. துலுக்காணம், உம் பரணு மேல கீற ட்யூப எடுத்தாந்து குடு, அத்த வெச்சே உங்க எல்லாரையும் ஒண்ணா கட்டி நான் இழுக்கறேன்."

"எம் பரணப் பத்தி நீ பேசறியா? கொடில துணி காயப் போட்டவ நீ."

"ஆமா, போட்டேன். எம் புள்ள குடிக்கப் போட்டேன். நீ எதுக்குப் போட்ட, உன் வாழ மரத்துக்கா?"

கமலம்மா நடுவுல பூந்து, நீங்க முடிவு பண்றதுக்குள்ள நாங்க புடிச்சிக்கறோம்னு அவங்க ஊருக் கொடத்தல்லாம் லைன்ல முன்னாடி தள்ளி வெக்க ஆரம்பிச்சிது. துலுக்காணம் அண்ணன் அதுல ஒண்ண எட்டி ஒதைச்சாரு. அது உருண்டு போயி அக்கா கால்ல இடிச்சிது. அக்கா அந்தக் கொடத்தக் குனிஞ்சி எடுத்துச்சி. யண்ணா தலையப் பாத்துக்கோங்க. யக்கா வேணாம், அது எவர்சில்வரு, மண்ட ஒடை—